‘எனக்குப் பொறுமை காணாது’: பங்கு வியாபாரத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று அறிகுறி பார்த்துத் திருத்துவது

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே பார்த்தாலும் கொழும்புப் பங்குச் சந்தையில் போனிலேயே ஆர்டர் போடுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வேளாண்மைக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசைப் பார்த்துக்கொள்ளும் தாய் தகப்பன்மார். நட்டம் வந்ததும் பலர் ‘எனக்குப் பொறுமை காணாது’ என்று தங்களையே குறை சொல்கிறார்கள். கணக்கை விரித்து வைத்துப் பார்த்தால் காரணம் வேறெங்கோ கிடக்கும். போட்டது இரண்டு மாதத்தில் திரும்ப வேண்டிய காசாக இருக்கும். அல்லது முதலின் பாதி ஒரே பங்கில் இருக்கும். அல்லது எந்த விலைக்கு விற்பது என்று யோசிக்காமலே வாங்கியிருப்பார்கள். அப்படியொரு ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எவராலும் பொறுமையாக இருக்க முடியாது. ஏற்பாட்டைத் திருத்தினால் பொறுமையில் முக்கால்வாசி தானாக வந்துவிடும்.

கையில் இரண்டு பொருள் வேண்டும்: தரகர் மின்னஞ்சலில் அனுப்பிய கடைசி ஆறு மாதக் கொள்வனவு விற்பனைச் சீட்டுகளும் ஒரு கொப்பியும். கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை மட்டும் எல்லாரும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: வாங்கின நாளிலிருந்து போனைக் கீழே வைக்க முடியவில்லை. இரவில் நித்திரை இல்லை.

முதலில் காசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கணக்கில் போட்ட ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அது யாருடைய காசு, எந்தத் திகதிக்குள் தேவை என்று எழுதுங்கள். மாசி, பங்குனியில் வெட்டி விற்ற நெல்லின் காசு ‘சும்மாதானே கிடக்குது, சிறுபோகத்துக்கு முதல் ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பம்’ என்று உள்ளே வந்திருந்தால் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. உழவுக்காரனும் பசளைக் கடையும் உங்கள் பங்கு ஏறும்வரை காத்திருக்கமாட்டார்கள். சீட்டுக் காசு, நகை அடகு வைத்த காசு, வட்டியில்லாத கைமாற்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். திகதி நெருங்க நெருங்க விலை ஒரு ரூபா இறங்கினாலும் நெஞ்சு அடிக்கும். அந்தப் பதற்றத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதை மனதை அடக்கித் தீர்க்க முடியாது.

பங்கை விற்றால் காசு அன்றைக்கே வராது. இரண்டாவது சந்தை நாளில்தான் கைக்கு வரும். சந்தையே மூடிக்கிடந்த காலமும் உண்டு. 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை, ஏழு வாரத்துக்கு மேல், ஊரடங்கினால் கொழும்புச் சந்தை திறக்கவில்லை. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்த அடுத்த வாரம் முழுவதும் மூடப்பட்டிருந்தது. அந்த நாட்களில் பங்கு வைத்திருந்தவருக்கு எந்த விலைக்கும் விற்க வழி இருக்கவில்லை.

திருத்தம்: ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் தனியாக வையுங்கள். அதற்கு மேல், ஒரு வருடத்துக்குள் யாராவது கேட்டு வரக்கூடிய காசு எதுவும் சந்தைக்குள் போகக்கூடாது. ஏற்கெனவே போயிருந்தால், லாபமோ நட்டமோ, அந்தத் தொகையளவுக்கு விற்று வெளியே எடுங்கள். இந்த ஒரு விற்பனைக்கு மட்டும் விலை பார்க்க வேண்டாம்.

போட்டது யாரும் கேட்டு வராத காசாக இருந்தும் நித்திரை வரவில்லை என்றால் அளவு கூடிவிட்டது. அளவை இப்படிக் கணக்கிடுங்கள். உங்கள் முதல் 5,00,000 ரூபா என்று வைப்போம். ஒரு வாங்கலில் இழக்கக்கூடிய ஆகக்கூடிய தொகை முதலின் 1%, அதாவது 5,000 ரூபா. பங்கை 42.00க்கு வாங்குகிறீர்கள், 39.50க்கு வந்தால் பிழை என்று ஒப்புக்கொண்டு வெளியேறுவீர்கள். வித்தியாசம் 2.50. பலர் இங்கேயே நிறுத்தி, 5,000ஐ 2.50ஆல் பிரித்து 2,000 பங்கு வாங்கிவிடுகிறார்கள். கட்டணத்தை மறந்துவிடுகிறார்கள்.

10 கோடி ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு பக்கக் கட்டணம் 1.12%: தரகு 0.64, பங்குப் பரிவர்த்தனை நிலையத்துக்கு 0.084, சீடீஎஸ்ஸுக்கு (பங்குகளை உங்கள் பெயரில் பதிந்து வைக்கும் மத்திய வைப்பகம்) 0.024, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 0.072, பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி 0.30. வாங்கும்போது 47 சதம், 39.50க்கு விற்கும்போது 44 சதம். ஆகவே ஒரு பங்கில் உண்மையான நட்டம் 3.41 ரூபா. 5,000ஐ 3.41ஆல் பிரித்தால் 1,466 வரும், 1,450 வாங்குங்கள். இது 60,900 ரூபாப் பங்கு. 2,000 வாங்கியவருக்கு அதே 39.50இல் நட்டம் 6,800ஐத் தாண்டும். அவர் ‘திட்டப்படிதானே செய்தேன், ஏன் இவ்வளவு போனது’ என்று குழம்பி அடுத்த முறை திட்டத்தையே கைவிடுவார்.

1% என்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வாங்கல் பிழையாகப் போனாலும் முதல் 5% போலத்தான் குறையும். ஆறாவதை நிதானமாக யோசிக்கலாம். ஒவ்வொன்றிலும் 10% இழக்க இடம் வைத்தவர் ஐந்தாவதில் முதலின் 40%க்கு மேல் இழந்திருப்பார். அதன் பிறகு அவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

அறிகுறி: விலை ஏறுவதைக் கண்டதும் கை தானாக வாங்குகிறது.

பெரும்பாலும் காலை 9.30க்கும் 10 மணிக்கும் இடையில் நடப்பது இது. முன்னிரவு வட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்திருக்கும்: ‘மச்சான், நாளைக்கு இது பறக்கும், எடுத்துப் போடு.’ காலையில் பங்கு பச்சையாக நிற்கும். பள்ளிக்கூடத்தில் முதலாம் பாடம் முடிந்து இரண்டாம் பாடத்துக்குப் போகும் வழியில், சந்தை விலைக்கே ஆர்டர் போய்விடும்.

அந்த நேரத்து ஆர்டர் திரையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வாங்கும் பக்கத்தில் 4.10க்கு 350 பங்கு, அதற்குக் கீழே 4.00க்கு 12,000. விற்கும் பக்கத்தில் 4.20க்கு 85,000. 100 ரூபாவுக்குக் குறைந்த பங்கு 10 சதப் படியில்தான் ஏறி இறங்கும். 4.20க்கு வாங்கினால் கட்டணத்தோடு 4.25 ஆகிறது. அடுத்த நிமிடம் மனம் மாறி 4.10க்குக் கொடுத்தால் கையில் 4.05தான். ஒரேயொரு படி இறங்க, 4.5% போய்விட்டது. 4.10இலும் 350 பங்குக்குத்தான் ஆள் நிற்கிறது. 20,000 பங்கு வைத்திருப்பவருக்கு உண்மையான விற்பனை விலை 4.00, அதிலும் எல்லாம் போகாது. ‘பறக்கும்’ என்று செய்தி அனுப்புகிறவரின் 85,000 பங்கு அந்த 4.20 வரிசையில் நிற்கவும் கூடும். அப்படிப் பொய்யாக விலையை ஆட்டுவது 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் வழக்கு முடிந்து உங்கள் காசு திரும்பும் என்று இருக்க முடியாது.

திருத்தம்:

1. ஆர்டரை முன்னிரவே எழுதுங்கள்: பங்கு, எண்ணிக்கை, கொடுக்கக்கூடிய ஆகக்கூடிய விலை, வெளியேறும் விலை, வாங்கும் காரணம் ஒரு வரியில். காரணம் ‘அவர் சொன்னார்’ என்றால் அது காரணமில்லை.
2. காலையில், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று விலையைக் குறிப்பிட்ட ஆர்டர் மட்டும் போடுங்கள். சந்தை விலை ஆர்டரை ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.
3. எழுதிய விலையைத் தாண்டிப் போய்விட்டால் அன்றைக்கு அந்தப் பங்கு இல்லை. விலையை உயர்த்தித் துரத்தக்கூடாது.
4. அந்தப் பங்கு கடந்த 20 சந்தை நாளில் சராசரியாக நாளுக்கு எத்தனை கைமாறியது என்று பாருங்கள். நீங்கள் வாங்குவது அதில் பத்திலொன்றைத் தாண்டக்கூடாது.
5. குரூப்பை விட்டு விலக மனமில்லை என்றால், சந்தை முடியும் பிற்பகல் 2.30 வரை அதன் சத்தத்தையாவது நிறுத்துங்கள்.

அறிகுறி: லாபத்தைச் சீக்கிரம் விற்றுவிடுகிறேன். நட்டத்தில் இருப்பதை விற்கவே மனம் வருவதில்லை.

இதுதான் ஆகக் கூடுதலாகக் காசு தின்னும் பிழை. செய்கிறவர்களுக்கு இது பிழையாகத் தெரிவதும் இல்லை. ‘நான் பொறுமையாக வைத்திருக்கிறேன்’ என்றுதான் நினைப்பார்கள். இழப்பின் வலி அதேயளவு லாபத்தின் சந்தோசத்தைவிடக் கனமானது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். அந்த வலியைத் தள்ளிப்போட ஒரே வழி விற்காமல் இருப்பது. டெரன்ஸ் ஓடின் என்பவர் அமெரிக்கத் தரகு நிறுவனமொன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு இன்னும் கசப்பானது: லாபம் என்று விற்றுவிட்ட பங்குகள், நட்டம் என்று பிடித்து வைத்த பங்குகளைவிட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாக ஏறியிருந்தன. விற்றது நல்லதை, வைத்திருந்தது கெட்டதை.

சோதனை எளிது. கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் லாபத்தில் விற்றவை: எத்தனை வீதம், எத்தனை நாள் வைத்திருந்தீர்கள். வலப்பக்கம் நட்டத்தில் விற்றவையும் இப்போது நட்டத்தில் கிடப்பவையும். இடப்பக்கம் நாட்கணக்கும் வலப்பக்கம் மாதக்கணக்கும் வந்தால் பிழை உறுதி.

இதன் கணக்கு கொடுமையானது. விலை 4% ஏறியதும் விற்றால் இரு பக்கக் கட்டணமும் போய்க் கையில் நிற்பது 1.7%தான். விலை 20% இறங்கிய பங்கைக் கடைசியில் கொடுத்தால் கட்டணத்தோடு நட்டம் கிட்டத்தட்ட 22%. ஒரு நட்டத்தைக் கட்ட அந்த மாதிரி 13 லாபம் வேண்டும். மாதத்தில் பத்துத் தரம் வென்றும் முதல் குறைந்துகொண்டே போவதன் மர்மம் இதுதான்.

திருத்தத்தை மூன்று இடத்தில் செய்ய வேண்டும். முதலாவது, வெளியேறும் விலையை வாங்குவதற்கு முன்பே எழுதுவது. வாங்கிய பிறகு எழுதினால் அது ஒவ்வொரு கிழமையும் கீழே நகரும். உங்கள் தரகரின் தளத்தில் ஸ்டொப் ஆர்டர் (குறித்த விலைக்கு இறங்கியதும் தானாக விற்பனைக்குப் போகும் ஆர்டர்) போடும் வசதி உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் விலை எச்சரிக்கை வைத்து, மணி அடித்த அன்றே விற்பனை ஆர்டரைப் போடுங்கள். மறுநாள் பார்ப்போம் என்றால் அது நடக்காது.

இரண்டாவது, ஏற்கெனவே கிடக்கும் நட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்தப் பங்கு என்னிடம் இல்லை, இதன் இன்றைய பெறுமதி காசாகக் கையில் இருக்கிறது; இன்றைக்கு இதை வாங்குவேனா? இல்லை என்றால் வைத்திருக்கக் காரணம் இல்லை. ‘வாங்கின விலைக்கு வந்ததும் விற்கிறேன்’ என்பதை விடுங்கள். 50% இறங்கியது பழைய விலைக்கு வர 100% ஏற வேண்டும். நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தக் கம்பனியின் விற்பனையையோ லாபத்தையோ மாற்றாது. வாங்கின விலையும் நட்டமில்லாத விலையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள்: 42.00க்கு வாங்கியவருக்குக் கட்டணம் எல்லாம் போய் நட்டமில்லாத விலை 43.00. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்க மனம் கேட்காவிட்டால் ஒவ்வொரு கிழமையும் ஒன்று என்று முடியுங்கள். ஆகப் பெரிய நட்டத்திலிருந்து தொடங்குங்கள். முதலாவதை விற்றதும் மற்றவை லேசாகும்.

மூன்றாவது, சராசரி இறக்குவது. 42க்கு வாங்கியது 30க்கு வந்ததும் அதேயளவு இன்னும் வாங்கினால் சராசரி 36 ஆகும். திரையில் பார்க்க ஆறுதலாக இருக்கும். ஆனால் பிழையாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் பங்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டு தவணையில் வாங்குவதென்று முதல் நாளே எழுதியிருந்தால், இரண்டும் சேர்ந்தும் அந்த 1% எல்லைக்குள் நின்றால் மட்டும் செய்யலாம். இடையில் தோன்றிய யோசனைக்கு இடமில்லை.

நீண்டகால முதலீட்டுக்கு இது பொருந்துமா என்றால், ஒரு வித்தியாசத்தோடு பொருந்தும். அங்கே வெளியேறும் புள்ளி விலையாக இருக்கவேண்டியதில்லை: காலாண்டு அறிக்கையில் லாபம் தொடர்ந்து விழுவது, கடன் கூடுவது, பங்கிலாபத்தை நிறுத்துவது. எதுவானாலும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். வியாபாரத்துக்கென்று வாங்கியது இறங்கியதும் ‘இது நீண்டகால முதலீடு’ என்று பெயர் மாற்றுவது இந்தப் பிழையின் ஆகப் பழகிய வேடம்.

அறிகுறி: நட்டத்தை அன்றைக்கே திரும்ப எடுக்கப் பார்க்கிறேன்.

ஒரு நாளில் நட்டத்தோடு ஒரு வெளியேற்றம் நடந்தால் அன்றைக்கு வேறு வாங்கல் இல்லை. ஒரு மாதத்தில் முதலின் 4% போனால் அந்த மாதம் முடியும்வரை தளத்தின் செயலியைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். இருப்பவற்றின் விற்பனை ஆர்டர்களைத் தரகரிடம் தொலைபேசியில் சொல்லலாம். எவ்வளவு கோபம் என்று மதிப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம், கோபத்தில் இருப்பவர் அதைச் சரியாக மதிப்பிடமாட்டார். எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்.

அறிகுறி: கடனில் வாங்கியிருக்கிறேன், ஒவ்வொரு இறக்கமும் உயிரை எடுக்கிறது.

சொந்தக் காசு 5 லட்சம், மார்ஜின் (பங்குகளை ஈடாக வைத்து எடுக்கும் வட்டிக் கடன்) 5 லட்சம், மொத்தம் 10 லட்சம் ரூபாப் பங்கு. விலை 30% இறங்கினால் பங்கு 7 லட்சம். கடன் அப்படியே 5 லட்சம். உங்களுடையது 2 லட்சம், அதாவது 60% போய்விட்டது, வட்டி வேறு. அதற்கு முன்பே கடன் கொடுத்தவர் காசு போடச் சொல்லுவார். போடாவிட்டால் உங்களைக் கேட்காமலே விற்பார். பொறுத்திருக்கும் உரிமை உங்கள் கையில் இல்லை.

2022 இதற்குச் சாட்சி. அந்த ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது. வருட முடிவில் 8,500ஐ ஒட்டி வந்தது. அதேவேளை வட்டி வீதம் ஏறி, அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வருமானமே 30%ஐக் கடந்தது. சொந்தக் காசில் நல்ல கம்பனிகளை வைத்திருந்தவர்கள் நோவோடு காத்திருந்தார்கள். 2024 முடிவில் சுட்டெண் 15,900க்கு மேல் வந்தது. கடனில் வாங்கியவர்களின் பங்குகளில் பல அதற்கு வெகு முன்னமே இறங்கிய விலையில் விற்கப்பட்டுவிட்டன. (சுட்டெண் மீண்டது என்பதற்காக 2022இல் வாங்கிய ஒவ்வொரு பங்கும் மீண்டது என்று எடுக்கக்கூடாது.)

திருத்தம் ஒன்றுதான்: கடன் தீரும்வரை விற்பது. வட்டி மார்க்கத்துக்கு ஆகாது என்று மார்ஜினைத் தொடாத முஸ்லிம் முதலீட்டாளர்கள் இந்தப் பொறியில் விழுவதில்லை. ஆனால் மச்சினனிடம் வாங்கிய கைமாற்றை அவர்களும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: சந்தை திடீரென்று நிறுத்தப்பட்டதும் எல்லாவற்றையும் விற்க வேண்டும்போல் இருக்கிறது.

20 பெரிய கம்பனிகளின் விலையைக் காட்டும் எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 5% விழுந்தால் வியாபாரம் 30 நிமிடம் நிறுத்தப்படும். 2022 ஏப்ரல் 25இல் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அது நடந்தது. பிறகு வீழ்ச்சி 10%ஐத் தாண்டியதும் அன்றைக்கு மூடியேவிட்டார்கள். அந்த 30 நிமிடத்தில் கொப்பியை எடுங்கள். வெளியேறும் விலையைத் தாண்டியவை எவை என்று குறியுங்கள். அவற்றுக்கு மட்டும் விலையைக் குறிப்பிட்டு விற்பனை ஆர்டர் போடுங்கள். மற்றவற்றில் கை வைக்க வேண்டாம். முதலாவது அறிகுறியில் சொன்னபடி காசும் அளவும் சரியாக இருந்தால் இங்கே செய்ய வேறொன்றும் இல்லை.

அறிகுறி: ஒன்றும் வாங்காமல், விற்காமல் இருக்க முடியவில்லை.

முழு முதலையும் கிழமைக்கு ஒருமுறை வாங்கி விற்றால் ஒரு சுற்றுக்கு 2.24% கட்டணம். 50 கிழமைக்கு 112%. முதலைவிடக் கட்டணம் கூட! அமெரிக்காவில் 66,465 வீட்டுக் கணக்குகளை 1991 முதல் 1996 வரை பார்பர் என்ற ஆய்வாளரும் மேலே சொன்ன ஓடினும் பார்த்தபோது, சந்தை வருடத்துக்கு 17.9% கொடுத்தது, ஆகக் கூடுதலாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4%.

மாதத்துக்கு எத்தனை புது வாங்கல் என்று எண்ணை முடிவு செய்யுங்கள், இரண்டு போதும். ஓய்வு நேரத்துக்கு ஒரு வேலை வேண்டும் என்றால் காலாண்டு நிதி அறிக்கை வாசியுங்கள். அவை பங்குப் பரிவர்த்தனை நிலையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலை பார்ப்பதை நாளில் ஒருமுறை, பிற்பகல் 2.30க்குப் பிறகு என்று வையுங்கள்.

அறிகுறி: ‘கொஞ்சம் பொறுங்கள், காசு வரும்’ என்று காசை வாங்கியவர்களே சொல்கிறார்கள்.

இங்கே பொறுமை ஆபத்தானது. டெலிகிராமில் வந்த ஃபொரெக்ஸ் அல்லது கிரிப்டோத் தளம், மாதாமாதம் நிச்சய லாபம், ஆள் சேர்த்தால் கமிஷன், எடுக்கப் போனால் தடை. இது வியாபாரப் பிழையே இல்லை. ஆள் சேர்த்துக் காசு திரட்டும் பிரமிட் திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவினால் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கி இதைப் பலமுறை அறிவித்திருக்கிறது. பங்குத் தரகரோ முதலீட்டு முகாமையாளரோ என்று ஒருவர் சொன்னால், ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். உங்கள் பங்குகள் உங்கள் பெயரில் சீடீஎஸ் கணக்கில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்களிடம் பங்கு இல்லை.

இன்றைக்கே புதுக் காசு போடுவதை நிறுத்துங்கள். உரையாடல்கள், கணக்கு இலக்கங்கள், வங்கிச் சீட்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். குரூப்பில் சண்டை பிடித்தால் உங்களை நீக்கிவிட்டுச் செய்திகளையும் அழித்துவிடுவார்கள், ஆகவே படம் எடுத்த பிறகுதான் எதையும் கேளுங்கள். காசு அனுப்பிய வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள், பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள், மத்திய வங்கிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சேர்த்துவிட்டவர் சொந்தக்காரர் என்று தயங்காதீர்கள். அவருடைய காசும் பெரும்பாலும் உள்ளேதான் கிடக்கும். ‘வரி கட்டினால் முழுவதும் விடுவிப்போம்’, ‘மீட்டுத் தருகிறோம், முற்பணம் அனுப்புங்கள்’ என்று பிறகு யார் வந்தாலும் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.